மின்வெட்டில் நின்றுபோன கடைசிப் பத்து நிமிடம்

வெள்ளவத்தையிலிருந்து:

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்ற நிலைக்குக் கொழும்பு வந்திருந்தது. எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் விசிறி நின்றுவிட்டது. யன்னலைத் திறந்தால் காற்றுக்குப் பதில் நுளம்புதான் வந்தது. மின்சாரம் இருந்த நேரத்தில் மடிக்கணினியை முழுதாக ஏற்றி வைத்திருந்தேன். அதைச் சுற்றி அம்மம்மா, அம்மா, சித்தப்பா, தங்கை, நான். ஓடியது 'பான்ஸ் லாபிரிந்த்'.

தேவதைக் கதை என்று சொல்லித்தான் அம்மம்மாவை உட்காரவைத்தேன். அது பொய் இல்லை, ஆனால் நான் விழுங்கிய பாதி பெரியது. கியர்மோ டெல் டோரோ 2006இல் எடுத்த அந்தப் படம் 1944ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்தும் காட்டுக்குள் போராளிகளை வேட்டையாடிக்கொண்டிருக்கும் கப்டன் ஒருவன். அவனை மணந்த தாயோடு அங்கே வந்து சேரும் சிறுமி ஒஃபெலியா. 'நீ பாதாள உலகத்தின் இளவரசி' என்று சொல்லி அவளுக்கு மூன்று சோதனைகள் வைக்கும் கொம்பு முளைத்த ஒரு பிறவி. வசனம் ஸ்பானிய மொழி. கீழே ஓடிய ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முயல் வேட்டைக்கு வந்தோம் என்று சொன்ன குடியானவனின் முகத்தைக் கப்டன் போத்தலால் அடித்தே சிதைக்கிறான். அதன் பிறகுதான் பையைக் கிளறுகிறான். உள்ளே முயல் இருக்கிறது. அம்மம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். உள்ளங்கையில் கண் பதித்த, பிள்ளைகளைத் தின்னும் அந்தப் பூதம் வந்தபோதுகூட அவர் அசையவில்லை. "பூதம் பசிக்குத் தின்கிறது" என்றார், அவ்வளவுதான்.

கடைசியில் ஒஃபெலியா பச்சைக் குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். பாதாளத்தின் வாசல் திறக்கக் குழந்தையின் ஒரு துளி இரத்தம் வேண்டும் என்கிறது அந்தக் கொம்புப் பிறவி. அந்த இடத்தில் மடிக்கணினி அணைந்தது.

இருட்டில்தான் சண்டை தொடங்கியது. "பகல் முழுவதும் எரிவாயு வரிசையில் நின்றுவிட்டு வந்தவனுக்கு இரவிலும் இருட்டையா காட்டுவாய்? சிரிக்க ஒரு படம் கிடைக்கவில்லையா?" என்றார் சித்தப்பா. சிரிப்புப் படம் பார்த்தால் வரிசை குறைந்துவிடுமா என்று நான் கேட்டேன். அம்மா இருவரையும் அதட்டினார். அம்மம்மாவுக்கு எங்கள் வாதத்தில் அக்கறையே இல்லை. "அவள் தம்பியைக் கொடுக்கமாட்டாள். கப்டன் அவளை விடமாட்டான்" என்றார். பிறகு நித்திரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மின்சாரம் வந்ததும் பார்த்தோம். அப்படியேதான் நடந்தது. சுடப்பட்ட ஒஃபெலியா அடுத்த காட்சியில் பாதாள அரண்மனையில் எழுந்து நிற்கிறாள். "மூளை சாகும்போது காட்டிய கனவு" என்றார் சித்தப்பா. கப்டனின் கண்ணுக்கு அந்தக் கொம்புப் பிறவி தெரியவே இல்லை என்பது அவருடைய சான்று. பூட்டிய அறையிலிருந்து சுண்ணக்கட்டியால் கதவு வரைந்துதானே வெளியே வந்தாள், அது எப்படி என்பது என்னுடையது.

அம்மம்மா கேட்டார்: "சிறுத்தொண்டர் பிள்ளையைக் கறி சமைத்தார். கூப்பிட்டதும் சீராளன் ஓடி வந்தான். உண்மையாகவே வந்தானா, பெற்றவர்களுக்கு அப்படித் தெரிந்ததா என்று யாராவது கேட்டீர்களா?"

சித்தப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இருண்ட படம் எதுவாவது உங்கள் வீட்டில் இப்படிச் சண்டை மூட்டியதா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

மூட்டியது. எங்கள் வீட்டில் சண்டை முடிவைப் பற்றியது.

'பிளேட் ரன்னர்' முதன்முதலில் எனக்குக் கிடைத்தது பழைய வீடியோ நாடாவில். 1982இல் திரையரங்குகளுக்கு வந்த வடிவம் அது. கதாநாயகன் எல்லாவற்றையும் குரலில் விளக்குவான். படம் முழுக்க மழையும் புகையும், கடைசியில் திடீரென்று பச்சை மலை, நீல வானம். தயாரிப்புத் தரப்பு முடிவை இனிப்பாக்க விரும்பியதில் வந்தது அது. அந்த வான்காட்சிகள் வேறொரு திகில் படத்துக்காக எடுத்து மீந்தவை என்று பின்னர் அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாண வீட்டுச் சாம்பாரைச் செத்த வீட்டில் பரிமாறியது போல. 2007இல் ரிட்லி ஸ்கொட் தன் விருப்பப்படி வெளியிட்ட வடிவத்தில் குரலும் இல்லை, மலையும் இல்லை. மின்தூக்கியின் கதவு மூடுகிறது, படம் முடிகிறது. அதுதான் நேர்மையான முடிவு என்பது என் கட்சி.

அப்பா மலையைத்தான் விரும்பினார். அதைவிட, தொடக்கத்திலேயே எழுந்து போய்விட்டார். மனிதனா, மனிதனைப் போலச் செய்த உருவமா என்று அறியக் கண்ணின் அசைவைக் கருவியால் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்கும் காட்சி அது. அடுக்களையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னார்: 1983 ஜூலைக் கலவரத்தில் வீதியில் மறித்தவர்கள் வாளிக்கான சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லிக் காட்டச் சொன்னார்களாம். நாக்கு பிசகினால் தமிழன். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து சிங்களம் பழகியவர். சொல் சரியாக வந்தது, வீடு வந்து சேர்ந்தார்.

அன்றுவரை அவர் எங்களிடம் அதைச் சொன்னதில்லை. கற்பனைப் படம் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு நான் அதிகம் வாதாடுவதில்லை.

தெகிவளையிலிருந்து:

என் முறைப்பாடு நேர் எதிரானது. உங்கள் இருண்ட படங்கள் போதுமான அளவு இருட்டாக இல்லை.

2020இல் மார்ச் முதல் மே வரை ஊரடங்கு. நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த நேரத்தில் யாராவது 'சில்ட்ரன் ஒஃப் மென்' பார்ப்பார்களா? நான் பார்த்தேன். 2006இல் அல்போன்சோ குவாரோன் எடுத்தது, கதை நடப்பது 2027இல். பதினெட்டு வருடமாக உலகில் குழந்தையே பிறக்கவில்லை. இங்கிலாந்தில் அகதிகளைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் சண்டை நடக்கும் கட்டடத்துக்குள் ஒரு குழந்தை அழுகிறது. துப்பாக்கிகள் அடங்குகின்றன. படைவீரர்கள் விலகி வழிவிடுகிறார்கள்.

என் கணவர் வன்னியிலிருந்து வந்தவர். அந்தக் காட்சியில் அவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். "எந்தப் பிள்ளை அழுது எந்த ஷெல் நின்றது?" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. குழந்தை தாண்டிப் போனதும் சூடு மறுபடி தொடங்கிவிடுகிறது. அது மட்டும் உண்மை.

இருந்தும், மகள் பிறக்கும்வரை அந்த இரண்டு மூன்று நிமிடத்தை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அவர் நித்திரையான பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. ஏன் என்று கேட்காதீர்கள்.

பொரளையிலிருந்து:

எழுபது கடந்தவன், கோபிக்கவேண்டாம். மழையும் புகையும் போட்டால் ஆழம் வந்துவிடும் என்று இப்போது எல்லோரும் நம்புகிறார்கள். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இந்த நாட்டில்தான் வாழ்ந்தார். பார்ன்ஸ் பிளேஸில் அவருடைய வீட்டைத் தாண்டித்தான் நான் சைக்கிளில் வேலைக்குப் போவேன். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' எழுதிய மனிதர் இங்கே கடலடியில் நீந்தித் திரிந்தார். முதல் வண்ணச் சிங்களப் படமான 'ரன் முத்து தூவ'வை எடுத்தவர் அவரோடு நீந்திய நண்பர். வானத்தையும் கடலையும் பார்த்து வியக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். உங்கள் தலைமுறைக்கு வியப்பு மறந்துவிட்டது.

மறுபடியும் வெள்ளவத்தையிலிருந்து:

ஐயா, கோபமில்லை. ஆனால் அந்த '2001' விண்வெளிப் படத்தில் மனிதர்கள் சாகும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினி ஹாலின் நினைவை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அது பயப்படுகிறது, குரல் தடித்துப்போய் ஒரு பழைய பாட்டைப் பாடிக்கொண்டே அணைகிறது. அதே பாட்டை உண்மையான கணினி ஒன்று பாடியதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றில் நேரில் கேட்டவர் கிளார்க். வியப்போடுதான் கேட்டிருப்பார். அதைக் கொண்டுபோய் ஒரு சாவுக்கு வைத்தார்களே!

தெகிவளை அக்கா, நீங்கள் சொன்னதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பிள்ளை சுகமா?" என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

சித்தப்பா போன வாரம் வந்திருந்தார். இப்போது மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது. தொலைக்காட்சியும் பெரிது. "அந்த முயல் படம் இருக்கிறதா?" என்றார். போட்டேன். போத்தலோடு கப்டன் வரும் இடத்தில் எழுந்து பல்கனிக்குப் போனார். முடிந்துவிட்டதா என்று அங்கிருந்து கேட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.