புதுப்பிப்பு: பழி ஸ்கோப்பின் மேல், கோளாறு திருகில்

"மலிவு விலை ரைஃபிளை வாங்கி ஏமாந்துவிட்டேனா?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். என் ரூகர் அமெரிக்கன் ரைஃபிள் (.308 வின்செஸ்டர் வகைத் தோட்டா) 100 கெஜத்தில் ஐந்து தோட்டாக்களை நான்கு அங்குலத்துக்குச் சிதறடித்தது. மேலே இருந்தது 9 மடங்கு வரை பெரிதாக்கும், 40 மி.மீ. லென்ஸ் கொண்ட விலை குறைந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி); பழியை அதன் மேல்தான் போட்டிருந்தேன்.

"முதலில் திருகுகளைப் பாருங்கள்" என்றவருக்கு மனமார்ந்த நன்றி. ஸ்கோப்பைக் கழற்றினால், அதை ரைஃபிளோடு பிணைக்கும் அடித்தளத்தின் முன் திருகு விரலாலேயே சுற்றியது! எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முறுக்குவிசை காட்டும் திருப்புளியால் இறுக்கினேன். மறுநாள் அதே தோட்டா, அதே தூரம்: ஐந்து ஓட்டைகளும் ஒன்றேகால் அங்குலத்துக்குள். அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்கோப்பையும் சோதித்தேன். குறியை நகர்த்தும் குமிழின் ஒரு கிளிக்குக்கு 100 கெஜத்தில் கால் அங்குலம் என்றால் 20 கிளிக்குக்கு ஐந்து அங்குலம் நகர வேண்டும், நாலரைதான் நகர்ந்தது. ஆனால் திருப்பி வைத்ததும் பழைய இடத்துக்கே வந்தது. ஒருமுறை சரிசெய்துவிட்டுத் தொடாமல் விடும் மான் வேட்டைக்கு இது தாராளம். மானின் நெஞ்சில் குறிவைக்கும் பகுதியே ஏறத்தாழ எட்டு அங்குலம்.

உண்மையான குறை அந்தியில்தான். 9 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.4 மி.மீ. மட்டுமே, புதரும் மானும் ஒரே கருப்பு. 4 மடங்குக்கு இறக்கினால் அது 10 மி.மீ. ஆகிறது, கிளைகள் பிரிந்து தெரிகின்றன. விலை உயர்ந்த லென்ஸுக்குக் கொடுக்கும் பணம் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்குத்தான்.

மிச்சிகனில் நவம்பர் 15 அன்று துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. புது ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் பயிற்சிக்குத் தோட்டாக்கள் வாங்கிவிட்டேன்.