புதுப்பிப்பு: மழைக்குப் பின் அறுந்துபோகும் 4ஜி இணைப்பு

கூரையில் ஆண்டெனா இருந்தும் மழைக்குப் பின் நெட் அறுந்துபோவதாக முன்பு எழுதியதன் தொடர்ச்சி. காரணம் பிடிபட்டுவிட்டது: கேபிள் முனைக்குள் (கனெக்டருக்குள்) புகுந்த தண்ணீர்.

மழையில் நனைந்த மரக்கிளைதான் தடை என்றால், இலையின் ஈரம் காய்ந்ததும் சிக்னல் திரும்பிவிடும். வெயில் அடித்தும் நாள்கணக்கில் மந்தமாகவே இருந்தால் முனையைச் சந்தேகியுங்கள். உள்ளே செம்பு அரித்துப் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புது முனை போடவேண்டும். அதன்மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையுமுன் சற்றுத் தாழ வளைந்து தொங்கட்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

தயவுசெய்து ஆண்டெனா கேபிளை மட்டும் நீட்டாதீர்கள். மெல்லிய கோஆக்ஸ் (ஆண்டெனாவுக்குப் போடும் கேபிள் வகை) 10 மீட்டரிலேயே பாதிக்கு மேல் சிக்னலை விழுங்கிவிடும். ஆண்டெனாவுக்கும் ரவுட்டருக்கும் தூரம் அதிகமென்றால் வெளிப்புற ரவுட்டரையே கம்பத்தில் ஏற்றி ஈதர்நெட் கேபிளை இறக்குங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும்.