தூசி அளக்க வந்தவர்கள், காது பார்க்க வந்தவர்கள்: உங்கள் வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

ராதாபுரத்தான்

கல் உடைக்கிற கிரஷரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கிரஷர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். தூசி அளக்க ஆள் வருகிறார்கள் என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால், மாசக்கணக்கில் காய்ந்து கிடந்த தண்ணீர் ஸ்ப்ரே எல்லாம் பொழிகிறது. ஜா கிரஷர் வாயில் நின்று கம்பியால் கல்லைத் தள்ளிவிடுகிறவரை, பெல்ட் சாமான் வாங்க வள்ளியூருக்கு அனுப்பியாயிற்று. அவர் இடத்தில் சலவைச் சட்டையோடு சூப்பர்வைசர் நிற்கிறார்.

வந்தது ஒரு பெண் அதிகாரி, கூட ஒரு பையன். காற்றை இழுக்கிற சின்ன பம்ப்பை சூப்பர்வைசர் இடுப்பில் மாட்டி, ட்யூபைத் தோள் வழியாகக் கொண்டுவந்து, ஃபில்டரைக் காலரில் கிளிப் போட்டார்கள். மூக்கு இழுக்கிற காற்றையே அதுவும் இழுக்க வேண்டுமே, அதற்குத்தான் காலர். சாயங்காலம் கழற்றினால் ஃபில்டர் பளிச்சென்று வெள்ளை. அந்த அம்மா அதை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு, "தினமும் இங்க நிக்கிறது இவர்தானா?" என்று கேட்டார். முதலாளியின் மச்சினன் முந்திக்கொண்டு "ஆமா மேடம்" என்றார். வருகைப் பதிவேடு என் மேசையில் விரித்தபடி கிடந்தது. நான் மூடவில்லை. அந்த அம்மா மேசைப் பக்கம் வந்து நின்று தண்ணீர் குடித்தார், போய்விட்டார். பதிவேட்டைப் பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பாளை பஸ் ஸ்டாண்ட்

பார்த்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. எல்லாம் நாடகம். என் மச்சான் குவாரியில் ட்ரில் பிடிக்கிறான். சாயங்காலம் வந்து தலையைத் தட்டினால் வீட்டு முற்றம் வெளுத்துப் போகும். அங்கே ஒருநாள்கூட யாரும் பம்ப்போடு வந்து நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் கிரஷருக்கு வந்த அம்மா பக்கத்துக் குவாரியை எட்டிப் பார்த்தாரா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

லேப் ஆள்

எட்டிப் பார்க்கமாட்டார், பார்க்கவும் முடியாது. கிரஷர் தொழிற்சாலைக் கணக்கில் வரும், அதற்கு மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். குவாரிக் குழி சுரங்கக் கணக்கு, அது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். நடுவில் வேலிகூட இருக்காது, ஆனால் ஆபீஸ் வேறு. மனு போடுகிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் தட்டழிகிறார்கள்.

அண்ணாச்சி ராதாபுரத்தான் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. ஃபில்டர் வெள்ளையாக இருந்தது என்பதால் தூசி இல்லை என்று ஆகாது. நான் வேறு ஊரில் இந்த ஃபில்டர்களை எடை போடும் வேலை பார்த்தவன். நிமிஷத்துக்கு 2.5 லிட்டர் என்று 8 மணி நேரம் ஓடினால் 1.2 கன மீட்டர் காற்று. அமெரிக்காவில் 2016-இல், கல்தூசியில் இருக்கிற சிலிக்காவுக்கு வைத்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். அப்படியென்றால் அந்த ஃபில்டரில் மொத்தமே 0.06 மில்லிகிராம் சிலிக்கா சேர்ந்தால் வரம்பைத் தொட்டாயிற்று. கண்ணுக்கு எங்கே தெரியும்? முற்றத்தில் கொட்டுகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், சளியோடு வெளியே வரும். நுரையீரலின் அடிவரை போகிறது 4 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளதுதான். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் பக்கம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை எடை போட எடுத்த ஃபில்டரில் வெற்றிலைச் சாறு துளி. பம்ப் மாட்டியவர் துப்பினாரா, யாராவது வேண்டுமென்றே செய்தார்களா, தெரியாது. சாம்பிள் செல்லாது என்று எழுதிப் போட்டோம். அந்தச் சிவப்புப் புள்ளி இன்னும் கண்ணில் நிற்கிறது.

முக்கூடல் மகள்

எங்கள் ஊரில் பம்ப் எல்லாம் இல்லை. பீடி வீட்டில் சுற்றுகிறது, வீட்டுக்குள் யார் வந்து அளப்பார்கள்? ஆனால் நான் காலேஜ் படிக்கும்போது, ஏதோ ஆய்வு என்று இரண்டு அக்காமார் வந்தார்கள். இருமல் உண்டா, தலைசுற்று உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்றெல்லாம் எழுதிக்கொண்டு, கடைசியில் சின்ன பாட்டிலைக் கொடுத்து சிறுநீர் கேட்டார்கள். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

அடுத்த தடவை வந்தபோது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க புகையிலை போடுவீங்களாம்மா? சும்மா சொல்லுங்க, யாருக்கும் சொல்லமாட்டோம்" என்றார்கள். அம்மா சுளவைத் தரையில் வைத்தார்கள் பாருங்கள், தூள் பறந்தது. "நான் பீடி சுத்துதவ. குடிக்கிறவ இல்ல. வெத்தலையே போடமாட்டேன். யாரப் பாத்து என்ன கேக்க?" அந்த அக்கா பயந்துபோய்ப் பொறுமையாகச் சொன்னார். நிக்கோட்டின் உடம்புக்குள் போய் கோட்டினின் என்று ஒன்றாக மாறி சிறுநீரில் வருமாம். அது அம்மாவுக்கு இருந்தது. வாயில் வைக்காமலே கை வழியாக, தோல் வழியாக இறங்கியிருக்கிறது, தூசியாகவும் மூக்கில் ஏறியிருக்கிறது. அம்மா அதை நம்பவே இல்லை. தன்னைப் பொய் சொன்னவளாக்கிவிட்டார்கள் என்பதுதான் இன்றுவரை அவர்கள் கணக்கு.

எனக்கு உறுத்துவது வேறு. பேச்சு நடக்கும்போது அந்த அக்காவின் கண் மேலே போனது. தூள் தட்டுக்கு நேர் மேலே தொட்டில், அதில் அண்ணன் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை போல.

எக்ஸ்ரே அண்ணாச்சி

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன், ஓய்வு பெற்றாயிற்று. என் கதை சின்னது. ஒருவர் வந்தார், டிபி மாத்திரை இரண்டு சுற்று முடித்தவர், சளியில் கிருமி ஒருமுறைகூட வரவில்லை, மூச்சு மட்டும் முட்டுகிறது. சீட்டில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று இருந்தது. தோளைப் பிளேட்டில் சாய்க்கும்போது "என்ன கூலிவே?" என்று கேட்டேன். "கல்லு ஒடைக்கேன் சார், சின்னப் பிள்ளையிலேருந்து" என்றார். உறையின் மேலே பென்சிலால் எழுதி அனுப்பினேன்.

இப்போது எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போனால் "கூலி" என்று சொல்லாதீர்கள். ட்ரில், கிரஷர், சானை, தறி என்று வேலையைச் சொல்லுங்கள், எத்தனை வருஷம் என்றும் சொல்லுங்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 1700-லேயே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய டாக்டர், நோயாளியிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேள் என மற்ற டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார். நம் ஓபி கூட்டத்தில் கேட்க நேரமில்லை, நீங்களே சொல்லிவிட வேண்டியதுதான். சிலிக்கா தூசியால் வருகிற சிலிக்கோசிஸ் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பாகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், டிபியும் அங்கேதான் அதிகம் தெரியும், அதனால் குழப்பம் வரும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டிபி எளிதில் தொற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நுரையீரலில் விழுந்த தழும்பு போகாது, வேலையை விட்ட பிறகும் கூடலாம்.

சிலிக்கோசிஸைக் கண்ட டாக்டர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது, 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நஷ்டஈட்டுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது, 2025-இல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். இஎஸ்ஐ அட்டை, சம்பளச் சீட்டு, பேங்க்கில் விழுந்த கூலி எதையும் தூரப் போடாதீர்கள். துண்டை மூக்கில் கட்டுவதால் பிரயோஜனம் இல்லை. என்95 போட்டாலும் தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். முதலில் தூசி கிளம்புகிற இடத்தில் தண்ணீர் வேண்டும், மாஸ்க் அதற்கு அப்புறம்தான். வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள், தனியாகத் துவையுங்கள். தொட்டிலையும் இடம் மாற்றச் சொல்லு தாயி.

முக்கூடல் மகள்

அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான் அண்ணாச்சி. அப்புறம், வீடே ஒரு அறைதான், எங்கே மாற்ற?

சங்கரன்கோவில் தறி

அண்ணாச்சி நெஞ்சை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார். நான் காது கதை சொல்கிறேன். அப்பா விசைத்தறியில்தான் தலை நரைத்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலுக்கு மேல் இருக்கும் என்பார்கள். தறிக் கொட்டகையில் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அப்பா அதில் கெட்டிக்காரர், அதனால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. போனில் மட்டும் "என்ன, என்ன" என்பார், நாங்கள் சிக்னலைத் திட்டுவோம்.

முகாமுக்கு வந்தவர்கள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்றார்கள். அப்பா அமுக்கிக்கொண்டே இருக்கிறார். டெஸ்ட் எடுக்கிற பிள்ளை மிஷினைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நான் இன்னும் சத்தமே கொடுக்கலண்ணே" என்றாள். அப்பாவின் காதுக்குள் எப்போதும் ஒரு ரீங்காரம் இருந்திருக்கிறது. அதைக் கேட்டுத்தான் அமுக்கியிருக்கிறார். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாராம். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது, சத்தத்தில் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம் என்றாள்.

பாளை பஸ் ஸ்டாண்ட் நாடகம் என்கிறார். இருக்கட்டும். அந்தப் பிள்ளை வராமல் இருந்தால் நாங்கள் இன்னும் சிக்னலைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

பாளை பஸ் ஸ்டாண்ட்

சரி, தெரிந்தது. தெரிந்த பிறகு தறி முதலாளி என்ன செய்தார்?

சங்கரன்கோவில் தறி

காதில் வைக்க ஆளுக்கு ஒரு ஜோடி பஞ்சு அடைப்பான் கொடுத்தார். நூல் அறுந்தால் சத்த மாற்றத்தில்தான் தெரியும், அடைத்தால் தெரியாது என்று யாரும் வைக்கவில்லை. அது நியாயமான காரணம்தான், சும்மா சாக்கு இல்லை. எக்ஸ்ரே அண்ணாச்சி, காதுக்கு ஏதாவது உண்டா?

எக்ஸ்ரே அண்ணாச்சி

போன காது மருந்தில் திரும்பாது தம்பி, காதில் மாட்டுகிற மிஷின்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்குமா என்று கேள். கேட்கும்போது தறி என்று சொல்லு. கூலி என்று சொல்லாதே.