எமர்ஜென்ட் குவாண்டம் மெக்கானிக்ஸ்: ‘வெளிப்படு’ வேண்டாம், ‘திரண்டெழு’ என்று வைப்போமா?

வணக்கம் நண்பர்களே,

இயற்பியலில் ‘எமர்ஜென்ஸ்’ என்பதற்கு (பல சேரும்போது தனித்தனியே எதிலும் இல்லாத இயல்பு ஒன்று புதிதாக வருவது) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நேற்றிரவு முதலிலிருந்து உட்கார்ந்து படித்தேன். அதற்கு இதுவரை வெளிப்பாடு, எழுச்சி, முகிழ்ப்பு, தோற்றம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ஒன்று முன்வைக்கிறேன்: திரண்டெழல். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு சிற்றிதழுக்கு எழுதிய கட்டுரையில், “ஆழத்தில் உள்ள ஒரு செவ்வியல் கோட்பாட்டிலிருந்து குவாண்டம் இயங்கியல் வெளிப்படுகிறதா?” என்று எழுதியிருந்தேன் (செவ்வியல் என்றால் நியூட்டன் வழியில் வந்த பழைய இயற்பியல், குவாண்டம் இயங்கியல் என்றால் அணுவளவு உலகின் விதிகள்). படித்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அப்போ குவாண்டம் ஏற்கெனவே உள்ளே ஒளிஞ்சிருந்துதா அண்ணா? பிறகு எப்படி அதைச் செவ்வியல்னு சொல்றீங்க?” அவள் படித்ததில் பிழையே இல்லை, நான் போட்ட சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. வெளிப்படுவது என்றால் உள்ளே இருந்தது வெளியே தெரிவது. நான் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிர். அடியில் அலைச்சார்பு (துகளின் நிலையை அலையாகச் சொல்லும் கணிதச் சார்பு) கிடையாது, மேற்பொருந்துதல் (பல நிலைகள் ஒன்றாகக் கலந்திருப்பது) கிடையாது, நிகழ்தகவுகூட அடிப்படையாகக் கிடையாது. ஆனாலும் மேலே வந்து பார்த்தால் அந்த அலை காலத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு நிற்கிறது, அது எப்படி என்பதுதான் கேள்வி. முகிழ்ப்பு அழகான சொல், ஆனால் மொட்டுக்குள் பூ மடிந்து கிடக்கிறது, அதனால் அதற்கும் இதே சிக்கல். எழுச்சி என்றால் ஊர்வலமும் கொடியும்தான் நினைவுக்கு வருகின்றன.

> மணிமேகலையிலேயே இருக்கிறதே, ‘தோன்றும்’ என்று. அதை விட்டு ஏன் புதிது தேட வேண்டும்?

ஐயா, அந்த இடத்தை எடுத்துக் காட்டியதற்கு நன்றி. தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் மதுவின் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும் என்று, அவையே எல்லாம் என்னும் பூதவாதி சொல்லும் இடம். பூவில் களிப்பு இல்லை, கட்டியிலும் இல்லை, கூட்டில் இருக்கிறது. எமர்ஜென்ஸ் என்பதன் கரு இதுதான், இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் உவமையை எடுத்துக்கொள்வோம், சொல்லை மட்டும் விட்டுவிடுவோம். இன்று ‘தோற்றம்’ என்றால் பிறப்பு அல்லது பார்வைக்குத் தெரிகிற உருவம். ‘குவாண்டம் தோற்றம்’ என்று தலைப்பு வைத்தால் 1900-இல் பிளாங்க் குவாண்டம் கருத்தைத் தொடங்கிவைத்ததைப் பற்றிய கட்டுரை என்றுதான் படிப்பார்கள்.

இப்போது ‘திரள்’. எங்கள் வீட்டில் அம்மா மோர் கடைவார். வெகு நேரம் நுரை மட்டும்தான் தெரியும். கொஞ்சம் குளிர்ந்த நீர் தெளிப்பார், மறுபடி மத்தைச் சுழற்றுவார், திடீரென்று மத்தின் இதழ்களில் கடுகு கடுகாக வெள்ளை ஒட்டியிருக்கும், இன்னும் நாலு இழுப்பில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும். “திரண்டிடுச்சு” என்று மத்தைத் தூக்கிவிடுவார். அந்த ஒரு வினைச்சொல்லில் பல சேருவதும், சேர்ந்த பிறகு ஒற்றையில் இல்லாத ஓர் இயல்பு வருவதும் இரண்டுமே அடங்கியிருக்கின்றன. பாலுக்குள் நெய் மறைந்திருக்கிறது என்பதும் நம் பழைய உவமைதானே என்று யாராவது கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். கொழுப்பு இருந்தது, மறுக்கவில்லை. விரலால் வழித்து எடுக்கிற கட்டி இல்லை. எமர்ஜென்ஸ் என்பவர்களும் புதுப் பொருள் பிறந்தது என்று சொல்வதில்லை, பொருள் அதேதான், நடத்தைதான் புதிது என்கிறார்கள். ஒற்றை மூலக்கூறுக்கு வெப்பநிலை கிடையாது, கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்த காற்றுக்கு உண்டு என்பதும் அதே வகைதான்.

சரி, சொல்லைக் கோட்பாடுகள்மேல் வைத்துப் பார்த்தால்தான் தாங்குமா என்று தெரியும்.

இயற்பியலாளர் ஸ்டீபன் ஆட்லரின் ட்ரேஸ் டைனமிக்ஸ் என்ற கோட்பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அடியில் இயங்குபவை அணிகள் (எண்களின் அடுக்குகள்), சாதாரண எண்கள் இல்லை, அதனால் அதைச் ‘செவ்வியல்’ என்பதே கொஞ்சம் தாராளமான பேச்சு. ஆனால் அவற்றுக்குப் புள்ளியியல் வெப்பவியக்கவியல் எழுதி, சமநிலையில் சராசரி எடுத்தால், இடத்துக்கும் உந்தத்துக்கும் இடையிலான அந்தப் புகழ்பெற்ற குவாண்டம் உறவு (இரண்டையும் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறும் என்பது) சராசரியின் இயல்பாக வந்து நிற்கிறது. வெப்பநிலை எப்படி வருகிறதோ அப்படி. 2004-இல் புத்தகமாகவே எழுதினார். இது திரண்டெழல், சந்தேகமே இல்லை.

எட்வர்ட் நெல்சன் 1966-இல் செய்தது வேறு. ஒரு துகள் நீரில் மிதக்கும் தூசியின் பிரௌனியன் அசைவுபோலத் தள்ளாடுகிறது, உராய்வு இல்லை, தள்ளாட்டத்தின் அளவு நிறைக்கு எதிர்விகிதம். இதிலிருந்து ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை வருவித்துக் காட்டினார். கல்லூரி நாட்களில் முதல் தடவை படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் முழுதாகத் திரளவில்லை. அலைச்சார்பு எந்தப் புள்ளியிலும் ஒரே மதிப்புடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தத் தள்ளாட்டத்திலிருந்து தானாக வருவதில்லை, கையால் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று வால்ஸ்ட்ரோம் 1994-இல் காட்டினார். இங்கே ‘திரண்டெழுகிறது’ என்று எழுதக் கூடாது, ‘வருவிக்கப்படுகிறது’ போதும். டேவிட் போம் 1952-இல் தந்த கோட்பாட்டிலும் எதுவும் திரள்வதில்லை, அலை முதலிலிருந்தே இருக்கிறது, துகளுக்கு வழிகாட்டுகிறது. இப்படி எது சேரும் எது சேராது என்று பிரித்துக் காட்டுவதால்தான் இந்தச் சொல்லை எனக்குப் பிடிக்கிறது. ‘வெளிப்பாடு’ என்றால் இவை எல்லாவற்றையும் ஒரே கோணியில் கட்டிவிடும்.

> எண்ணெய்மேல் குதிக்கும் சொட்டுகளை உதாரணமாகப் போடலாமே, பிள்ளைகளுக்குப் புரியும்.

போடலாம், எச்சரிக்கையோடு. பாரிஸில் கூடேரும் ஃபோரும் 2005, 2006 வாக்கில் செய்தது: அதிரும் சிலிக்கோன் எண்ணெய்த் தட்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுச் சொட்டு எண்ணெயில் கலந்துவிடாமல் குதித்துக்கொண்டே இருக்கிறது, தான் எழுப்பிய அலையின் சரிவிலேயே சறுக்கி, அலை வழிகாட்டும் துகள்போல நடக்கிறது. ஆனால் இரட்டைப் பிளவில் (இரண்டு துளைகள் உள்ள தடுப்பில்) குவாண்டம் துகள்களுக்கு வருவதுபோல் குறுக்கீட்டுப் பட்டைகள் வந்தன என்ற பகுதி பிறகு நிலைக்கவில்லை. டென்மார்க்கில் தோமாஸ் போர் குழுவினர் 2015-இல் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது பட்டைகள் வரவில்லை. இன்னொன்று, இலங்கை வழக்கில் குவாண்டத்துக்கே ‘சத்திச்சொட்டு’ என்ற சொல் உண்டு, அதனால் இந்த உதாரணத்தில் எது எந்தச் சொட்டு என்று வாசகர் குழம்பாமல் எழுத வேண்டும்.

அப்புறம் இயற்பியலாளர் ஜான் பெல். அவரைத் தொடாமல் இந்தத் தலைப்பில் எந்தச் சொல்லையும் ஆக்க முடியாது. குவாண்டம் முறையில் பிணைந்த இரண்டு துகள்களை இரண்டு முனைகளில் அளக்கிறோம். ஒரு முனையில் செய்வது மறுமுனையை உடனடியாகத் தொடாது, எதை அளப்பது என்ற தேர்வு துகளின் மறைமாறிகளோடு (விடையை முன்பே தீர்மானிக்கும், நமக்குத் தெரியாத இயல்புகளோடு) தொடர்பில்லாதது, இந்த இரண்டையும் ஏற்றால் இரு முனை விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் ஒரு கூட்டுத்தொகை 2-ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் கணக்கு ஏறத்தாழ 2.83 வரை அனுமதிக்கிறது. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் 245 தடவை அளந்தார்கள், 2.42 வந்தது. ஆகவே அடியில் செவ்வியல் கோட்பாடு வேண்டும் என்பவர் அந்த இரண்டில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். ஜெரார்ட் ட் ஹூஃப்ட் இரண்டாவதைக் கைவிடுகிறார். உலகம் அடியில் ஒரு செல்லுலார் ஆட்டோமேட்டன் (கட்டம் கட்டமாக, நிலையான விதிப்படி மாறும் எந்திரம்), நாம் எதை அளக்கப் போகிறோம் என்பதும் அதன் பழைய நிலையிலேயே அடங்கியிருக்கிறது என்கிறார், இதற்குத்தான் சூப்பர்டிடெர்மினிசம் என்று பெயர். இதைச் சோதிக்க 2018-இல் குவேசார்களின் (மிகத் தொலைவிலுள்ள ஒளிமிக்க விண்பொருள்களின்) ஒளியைக் கொண்டு அளவைத் தேர்வு செய்தார்கள், ஒன்றின் ஒளி 780 கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்டது, மற்றதன் ஒளி 1,220 கோடி. அப்போதும் பெல் எல்லை மீறப்பட்டது. தொடர்பு அதற்கும் முன்பே இருந்தது என்று ட் ஹூஃப்ட் சொல்ல இன்னும் இடம் இருக்கிறது, எனக்குத்தான் அதை ஏற்க மனம் வரவில்லை.

> சூப்பர்டிடெர்மினிசத்துக்கு ‘ஊழ்’ என்ற சொல்லே போதாதா?

வேண்டாம் அக்கா. ஊழ் என்றதும் வினை வருகிறது, செய்தவன் அனுபவிப்பான் என்பது வருகிறது, ‘உருத்து வந்து’ ஊட்டுவதும் வருகிறது. இங்கே சொல்லப்படுவது ஒரே ஒரு புள்ளியியல் கூற்று: தேர்வும் மறைமாறியும் சார்பற்றவை என்ற அனுமானம் பொய். அந்த அனுமானத்துக்குத் ‘தேர்வுச் சார்பின்மை’ என்று பெயர் வைப்போம். அதை மறுக்கும் கொள்கைக்கு ‘மீநியதி’ போதும், மீகடத்தி (சூப்பர்கண்டக்டர்) ஏற்கெனவே பழகிவிட்டதால் ‘மீ’ யாருக்கும் உறுத்தாது.

கடைசியாக மறைமாறி. போமின் கோட்பாட்டில் துகளின் இடம்தான் திரையில் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அதைப்போய் ‘மறை’ என்பது முறையா என்று பெல்லே குறைப்பட்டார். சொல் ஊன்றிவிட்டது, மாற்ற முடியாது. ஆனால் அவர் ‘அப்சர்வபிள்’ (அளந்து காணக்கூடியது) என்பதற்கு எதிரில் ‘பீயபிள்’ என்று ஒன்றை உருவாக்கினார், நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இருப்பது என்ற பொருளில். அதற்கு நம்மிடம் கையிலேயே இணை இருக்கிறது: காண்பொருள், உள்பொருள். ‘உள்பொருள்’ சைவ சித்தாந்தத்தில் பல நூற்றாண்டு புழங்கிய சொல், உண்மையில் இருப்பது என்பதே அங்கும் பொருள். ஒரே குறை, ‘உள்ளே இருக்கும் பொருள்’ என்று படித்துவிடுவார்களோ என்ற பயம். ‘உளபொருள்’ என்று எழுதினால் தீருமா, இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திரண்டெழல், திரண்டெழு குவாண்டம் இயங்கியல், திரளியல்பு (அப்படித் திரண்டு வரும் இயல்பு): இந்த மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அந்தக் கட்டுரையின் திருத்திய வடிவத்தை இதழுக்கு அனுப்ப வேண்டும், அந்தப் பெண்ணுக்கும் ஒரு படி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.