புதுப்பிப்பு: ஆலோசகரைப் பார்த்தால் கைடுக்குத் தெரியுமா?

பிஎச்.டி. மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். "கைடுக்கு (ஆய்வு வழிகாட்டிக்கு) தெரிந்துவிடுமே" என்பதுதான் பலருடைய பயம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23-இன்படி சிகிச்சை விவரம் ரகசியம். யாருக்காவது ஆபத்து வரலாம் என்பது போன்ற சில நிலைகளில் மட்டும், தேவையான அளவுக்குச் சொல்லலாம். "நான் பேசுவது யாருக்குப் போகும்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். வளாகத்துக்குள் பேசத் தயக்கமா? அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

சிக்கலே கைடோடுதான் என்றால் கொஞ்சம் கவனம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி, செமஸ்டர்தோறும் உங்கள் ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவைக் கூட்டுபவரும் அவரேதான். சிக்கலை அந்தக் குழுவின் செமஸ்டர் கூட்டத்தில் திடீரென எழுப்பாமல், குழுவின் இன்னொரு உறுப்பினரிடம் முன்கூட்டியே பேசி, பேசியதைச் சுருக்கி அன்றே அவருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவையுங்கள்.

மருந்து விஷயம்: டாக்டர் எழுதித் தரும் மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தரப் பெரும்பாலும் 2 முதல் 6 வாரம் ஆகும். குமட்டலோ முதல் வாரத்திலேயே வரலாம். பலரும் நிறுத்துவது இங்கேதான். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள், அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.