தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படுகின்றன (எஸ்க்யூஎல் சர்வர் 2016 தரவுத்தளம்)

ஓலைச்சுவடி:
வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையின் புத்தகப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய பதிவுகள் யூனிகோடுக்கு முந்தைய டேப் என்ற குறியீட்டு எழுத்துருவில் அடித்தவை; அந்த எழுத்துருவை வைத்தால் இன்றும் அழகாகத் தெரிகின்றன. உள்ளீட்டுத் திரையை டாட்நெட்டில் புதிதாக எழுதிவிட்டு, போன மாதம் முதல் தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடாக அடிக்கிறோம். அடிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. சேமித்துத் திறந்தால் "மீனாட்சிசுந்தரம்" இருந்த இடத்தில் ???????????????? மட்டும். 140 புத்தகங்கள் இப்படி ஆகிவிட்டன. எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். மீட்க வழி உண்டா?

கற்றாழை:
பெயரைச் சேமிக்கும் பத்தியின் (அட்டவணையின் நெடுவரிசை) வகை என்ன? வார்கேரா, யூனிகோடைத் தாங்கும் என்வார்கேரா? பதிவைச் சேர்க்கும் வரியையும் போடுங்கள்.

ஓலைச்சுவடி:
வார்கேர் 100. கொலேஷன் (எழுத்துகளைக் கையாளும் விதித்தொகுப்பு) லத்தீன்1 ஜெனரல். இன்சர்ட் வரியில் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் ஒட்டி அனுப்புகிறோம்.

கற்றாழை:
அப்படியானால் கோளாறு எழுத்துருவில் இல்லை. உங்கள் கேள்விக்குறிகளை எண்ணினேன், 16 இருக்கின்றன. அந்தப் பெயர் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் 16. ஒவ்வொன்றையும் சர்வர் உங்கள் கொலேஷனுக்குரிய 1252 என்ற கோட்பேஜில் (எழுத்து-எண் அட்டவணையில்) தேடி, இல்லாததால் ஒரு கேள்விக்குறியைப் போட்டிருக்கிறது. கிரேக்கத்துக்கு 1253, அரபிக்கு 1256, தாய் மொழிக்கு 874 என்று விண்டோஸில் கோட்பேஜ்கள் உண்டு. வார்கேரில் பயன்படும்படி தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. விண்டோஸுக்குள் தமிழ் வந்ததே யூனிகோட் வழியாகத்தான்.

டேப் பதிவுகள் பிழைத்ததற்குக் காரணம், சர்வருக்கு அவை தமிழ் என்றே தெரியாது. 128-க்கு மேலுள்ள ஐரோப்பிய எழுத்துகளாக நினைத்து அப்படியே வைத்திருக்கிறது; அந்த இடங்களில் எழுத்துரு தமிழை வரைந்து காட்டுகிறது.

எழுத்தின் எண்ணைத் தரும் யூனிகோட் என்ற சார்பை அந்தப் பெயரின் முதல் எழுத்தில் ஓட்டிப் பாருங்கள். "ம" பிழைத்திருந்தால் 2990 வரும். 63 வந்தால் உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான், மீட்க முடியாது.

ஓலைச்சுவடி:
63 தான் வருகிறது. 140-க்கும் அதேதான். மனசு கனத்துப்போச்சு.

கற்றாழை:
கைப்பதிவேடு இருந்தால் அதைப் பார்த்து அடித்துவிடலாம். அதற்கு முன் பேக்கப் எடுத்துவிட்டு, பத்தியை என்வார்கேராக மாற்றுங்கள். அதில் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டுப் பட்டியல்) இருந்தால் முதலில் நீக்க வேண்டும். மாற்றும் வரியில் நாட் நல் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். விட்டால் பத்தி வெற்று மதிப்பை ஏற்கத் தொடங்கிவிடும்.

பலர் பத்தியை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடுகிறார்கள், கேள்விக்குறி திரும்ப வருகிறது. மேற்கோளுக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய "என்" எழுத்து இல்லாவிட்டால் அந்தச் சரம் (எழுத்துத் தொடர்) பத்தியைத் தொடும் முன்பே 1252-க்குள் விழுந்துவிடும். தேடும் வரிக்கும் இதே விதிதான். அதைவிட, ஒட்டி அனுப்புவதையே விட்டுவிட்டுப் பாராமீட்டராக (வரியோடு ஒட்டாத தனி மதிப்பாக) அனுப்புங்கள். டாட்நெட் சரத்தை என்வார்கேராகவே அனுப்பும். பெயருக்குள் ஒற்றை மேற்கோள் வந்து வரி உடைகிற தொல்லையும் தீரும்.

நெய்தல்:
2019 பதிப்புக்குப் போனால் யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) கொலேஷன் இருக்கிறதே. வார்கேராகவே வைத்துக்கொள்ளலாமே?

கற்றாழை:
முடியும், ஆனால் தமிழுக்கு லாபமில்லை. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், என்வார்கேரில் 2. மீனாட்சிசுந்தரத்துக்கு அங்கே 48, இங்கே 32. வார்கேர் 100 என்றால் 100 பைட்தான், 33 குறிகளோடு நிரம்பிவிடும். நீளமான தலைப்புகள் உள்ளே போகாது.

ஓலைச்சுவடி:
பத்தி, பாராமீட்டர் இரண்டையும் மாற்றிவிட்டேன். முதல் பெயருக்கு 2990 வந்தது! பதிவேட்டைப் பார்த்து 38 முடிந்தது. பழைய டேப் பதிவுகளை என்ன செய்ய?

கற்றாழை:
மிக்க மகிழ்ச்சி. அவற்றை ஒரு மாற்றி நிரல் வழியாக யூனிகோடாக்கிப் புதுப் பத்தியில் எழுதுங்கள், பழையதை அழிக்க வேண்டாம். டேப்பில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். "கெ, கே, கை, கொ, கோ, கௌ" வரும் 20 தலைப்புகளை மட்டும் முதலில் மாற்றி, கண்ணால் பார்த்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள்.