பேஸ்லைனுக்கு 'அடிக்கோடு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

லாடெக் என்ற எழுத்தமைப்பு மென்பொருளில் அமைத்த சமன்பாட்டை இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் ஆகிய வரைகலை மென்பொருள்களில் பொருத்தும் முறை பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. எழுத்துகள் வரியில் நிற்கும் கற்பனைக் கோடான பேஸ்லைனுக்கு நேரே இப்போது இருப்பது 'அடிக்கோடு'. "சமன்பாட்டை அடிக்கோட்டில் வையுங்கள்" என்றால் பாதிப்பேர் அண்டர்லைன் என்று நினைப்பார்கள். மீதிப்பேர் பெட்டியின் கீழ்விளிம்பு என்று நினைப்பார்கள். அது இன்னும் கெடுதல். 10 புள்ளி எழுத்தில், டிஸ்பிளே பாணியில் (தனிவரிச் சமன்பாட்டுக்கான பெரிய அளவில்) அமைத்த ½ என்ற பின்னம் பேஸ்லைனுக்கு மேலே 13.21 புள்ளி, கீழே 6.86 புள்ளி நிற்கும். கீழ்விளிம்பை வரியோடு ஒட்டினால் அந்த 6.86 புள்ளியும் மேலேறி, பின்னம் முந்தைய வரியில் இடிக்கும்.

என் முன்மொழிவு 'அமர்கோடு'. வினைத்தொகை, எழுத்து அமரும் கோடு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

---

> என் முன்மொழிவு 'அமர்கோடு'

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஒற்றையாக வந்தால் கையேட்டில் வேலை நடக்காது. ஹைட், டெப்த் இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஹைட்டை 'உயரம்' என்று வைத்தால் சிக்கல்தான். லாடெக்கின் அடிப்படையான டெக்ஸில் ஹைட் என்பது அமர்கோட்டுக்கு மேலுள்ள பகுதி மட்டும், டெப்த் கீழுள்ள பகுதி. இங்க்ஸ்கேப்பில் 'எச்' கட்டம் காட்டுவதோ மேலும் கீழும் சேர்ந்த அளவு, அதாவது மேற்படி பின்னத்துக்கு 20.07 டெக்ஸ் புள்ளி. எனவே மேற்பகுதிக்கு 'ஏற்றம்', கீழ்ப்பகுதிக்கு 'இறக்கம்', கூட்டுத்தொகைக்கு மட்டும் 'உயரம்' என்கிறேன்.

இறக்கத்துக்குத் தனிச்சொல் ஏன் வேண்டும் என்றால், வழியில் தொலைந்துபோகும் அளவு அதுதான். பிடிஎஃப்பாக மாற்றியதும் பக்கத்தின் மொத்த அளவுதான் மிஞ்சுகிறது. அமர்கோடு எங்கே இருந்தது என்ற குறிப்பு இல்லை. லாடெக்கின் பிரிவியூ தொகுப்பை டைட்பேஜ் தேர்வோடு (பக்கத்தைச் சமன்பாட்டின் அளவுக்குக் குறைப்பது) சேர்த்து, கிடைக்கும் டிவிஐ கோப்பை, அதை எஸ்விஜி என்ற வரைகலைக் கோப்பாக்கும் டிவிஐஎஸ்விஜிஎம் (dvisvgm) நிரலில் ஓட்டினால் அகலம், ஏற்றம், இறக்கம் மூன்றும் முனையத்தில் வரும். அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த எண்ணை அப்படியே தட்டச்சிடவும் கூடாது. டெக்ஸ் புள்ளி அங்குலத்துக்கு 72.27, இல்லஸ்ட்ரேட்டர் புள்ளி 72, இங்க்ஸ்கேப் பிக்சல் 96. ஆக 6.86 என்பது இல்லஸ்ட்ரேட்டரில் 6.83 புள்ளி, இங்க்ஸ்கேப்பில் 9.11 பிக்சல். இங்க்ஸ்கேப் 0.92 பதிப்புக்கு முந்தைய கோப்பென்றால் அங்குலத்துக்கு 90 பிக்சல், கணக்கே மாறிவிடும்.

---

ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் என் ஒப்புதல். அமர்கோட்டில் ஓர் ஐயம்: கு, ழ, ஞ போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்குகின்றனவே, அவை 'அமர்ந்தவை' ஆகுமா?

இன்னொன்று. எல்லாச் சமன்பாட்டுக்கும் ஒரே ஏற்ற இறக்கம் வரும்படி, அகலமில்லாத ஸ்ட்ரட் (கண்ணுக்குத் தெரியாத முட்டுக்கோல்) ஒன்றைச் சேர்த்துவிட்டால் எண்ணைக் குறிக்கும் வேலையே இல்லையே?

---

> அவை 'அமர்ந்தவை' ஆகுமா?

ஆகும். திண்ணையில் அமர்ந்தவர் காலைத் தொங்கவிடுவதில்லையா? உடல் கோட்டின்மேல், வால் கீழே.

> அகலமில்லாத ஸ்ட்ரட்

அது பாதி நேரம்தான் உதவும். பிடிஎஃப்பை இல்லஸ்ட்ரேட்டரில் 'பிளேஸ்' செய்து, வெட்டும் எல்லையாக 'மீடியா' என்று தேர்ந்தால் பக்க அளவு அப்படியே நிற்கும், ஸ்ட்ரட் பலிக்கும். கோப்பை நேரடியாகத் திறந்தாலோ இங்க்ஸ்கேப்பில் இறக்குமதி செய்தாலோ மையுள்ள பொருள்களை வைத்தே எல்லை கணக்கிடப்படும். ஸ்ட்ரட்டில் மை இல்லை, காணாமல் போகும்.

கண்ணுக்குத் தெரியும் குறி வைப்பதே நம்பகமானது. சமன்பாட்டின் இடப்பக்கம் 3 புள்ளி அகலம், 0.4 புள்ளி தடிமனில் ஒரு 'ரூல்' (நிரப்பிய கோடு) போடுங்கள். அதன் கீழ்விளிம்பு சரியாக அமர்கோட்டில் விழும். வடிவமைப்பில் வழிகாட்டிக் கோட்டோடு அந்த விளிம்பை ஒட்டவைத்தால் போதும், கணக்கே வேண்டாம். ஒட்டியபின் குறியை அழிக்காதீர்கள். நிறத்தை மட்டும் நீக்கிவிட்டுச் சமன்பாட்டோடு குழுவாக்கி விடுங்கள். நாளை வரி நகர்ந்தால் மறுபடி தேவைப்படும்.

அச்சுக்குப் போகும் வேலை என்றால் எஸ்விஜி வழி வேண்டாம். அதில் கறுப்பு ஆர்ஜிபி, அதாவது திரைக்கான நிறமுறை. அச்சுத் தகடுகளுக்காக நிறங்களைப் பிரித்தெடுக்கும்போது நான்கு மையிலும் பரவும். தகடு கொஞ்சம் விலகினாலும் 0.4 புள்ளிப் பின்னக்கோட்டின் ஓரத்தில் நிறம் பிசிறும். நேரடியாகப் பிடிஎஃப் உருவாக்கும் பிடிஎஃப்டெக் நிரல் தரும் கறுப்பு கறுப்புத் தகட்டில் மட்டுமே நிற்கும்.

---

அப்படியானால் அமர்கோடு, ஏற்றம், இறக்கம் மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். மேத் ஆக்ஸிஸ் மட்டும் பாக்கி. அமர்கோட்டுக்கு மேலே 2.5 புள்ளியில் பின்னக்கோடும் கழித்தல் குறியும் நிற்கும் மட்டம் அது. 'கணித அச்சு' என்றால் மேலே சொன்ன அச்சுத்தொழில் அச்சோடு மோதுகிறது. 'நடுமட்டம்' என்றால் பெட்டியின் நடு என்று கொண்டு சென்டர்-அலைன் பொத்தானை அழுத்துவார்கள். இந்தப் பின்னத்தின் பெட்டி நடு 3.18 புள்ளியில் இருக்கிறது. வேறு சொல் யாரிடமாவது உண்டா?